ரப்பர் நேரம்

இந்தோனேசியர்களிடம் ‘ஜாம் காரெட்’ என்றொரு சொல் உண்டு. நேராக மாற்றினால் ரப்பர் நேரம். பத்து மணிக் கூட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கினாலும், மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் ஆள் நிறையும்வரை நின்றாலும், கோபப்படாமல் சிரித்துக்கொண்டே இந்தச் சொல்லைச் சொல்வார்கள். இழுத்தால் நீளும் நேரம். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. வெயில் நாட்டு மக்கள் அவசரம் அறியாதவர்கள், நாம்தான் ஓடி ஓடித் தேய்கிறோம் என்று இரண்டு பத்தி எழுத வசதியாக இருக்கும்.

ரப்பருக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை என் குடும்பம் வேறு மாதிரி கற்றது. விடியற்காலைக் குளிரில்தான் பால்மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். பெரட்டு முடிந்த பிறகு வந்து நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. அம்மா பதினைந்து வருடம் மரம் வெட்டியவர். அவருக்குத் தெரிந்த ரப்பர் நேரம் நீளாது. இழுத்தால் அறுந்து முகத்தில் அடிக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், வரும் ஜூன் மாதம் இந்தோனேசியாவில் மெதுவாகப் பயணம் செய்யத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தனியாக. ஜகார்த்தாவில் இறங்கி, ரயிலில் பண்டுங், ஜோக்ஜகார்த்தா, ஜாவாவின் கிழக்கு முனையில் பன்யுவாங்கி. அங்கிருந்து படகில் பாலி, பாலியிலிருந்து இன்னொரு படகில் லொம்போக். விமானத்தில் போனால் கோலாலம்பூரிலிருந்து சில மணி நேரத்தில் லொம்போக்கில் இருக்கலாம். நான் முப்பது நாள் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு மேல் முடியாது. ஆசியான் நாட்டுக்காரன் விசா இல்லாமல் இருக்கக்கூடியது அவ்வளவுதான். நம் வேலைச் சட்டத்தின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் வேலை செய்தவனுக்கு வருடத்துக்குக் குறைந்தது 16 நாள் விடுப்பு. மிச்சத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆக, என் மெதுவுக்கு ஒரு விலை இருக்கிறது, அது எனக்கு வெள்ளியிலும் காசிலும் தெரியும்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. “மெதுவா நடந்தா தண்டல் ஏசுவான். நீ மெதுவா நடக்கறதுக்குன்னு லீவு போட்டு, காசு கட்டி, கப்பலேறிப் போறியா?” என்றார். கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் நான் படித்த பயண நூல்கள் எதுவும் இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. மெதுவாகப் போவது நல்ல காரியமா? நல்லது என்றால் யாருக்கு?

மெதுவைக் கொள்கையாகப் பேசுகிறவர்களின் வேர் உணவில் இருக்கிறது. 1986இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வருவதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் கார்லோ பெத்ரினி முக்கியமானவர். 1989இல் பாரிஸில் கூடி ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்தது, சாப்பிடுகிறவன் விளைவிக்கிறவனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அது சொன்னது. அதே சொல் பயணத்துக்குத் தாவியபோது விளைவிக்கிறவன் காணாமல் போய்விட்டான். சாப்பிடுகிறவன் மட்டும் மிச்சம். ‘ஊரை உள்வாங்குங்கள்’, ‘உள்ளூர்க்காரரைப் போல வாழுங்கள்’ என்கிறார்கள். எந்த உள்ளூர்க்காரரைப் போல? காலை நான்கு மணிக்குச் சந்தைக்கு மூட்டை இறக்குகிறவரைப் போலவா?

இதில் இன்னொரு அற்பத்தனமும் உண்டு. மெதுவாகப் போகிறவர்கள் பேருந்தில் கூட்டமாகப் போகிறவர்களை இளக்காரமாகப் பேசுவார்கள். எங்கள் தாமானில் அக்காமார்கள் சீட்டுப் பணம் சேர்த்து நான்கு நாள் பாலிக்குப் போய் வந்தார்கள். ஒரே நிறச் சட்டை, ஒரே கொடி, ஒரு நாளைக்கு ஐந்து இடம். திரும்பி வந்து ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுக்கு நான்கு நாள்தான் கிடைத்தது. கிடைத்ததைப் பிழிந்து குடித்தார்கள். பாலியின் ஆன்மாவைக் கண்டுகொண்டதாக அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அந்த நேர்மை என் பக்கத்து ஆட்களிடம் குறைவு.

ஆனால் வேகத்துக்கு வக்காலத்து வாங்கவும் முடியவில்லை, குறிப்பாக ஜாவாவில். அந்தத் தீவில் வேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1808இல் கவர்னர் ஜெனரலாக வந்த டேண்டல்ஸ், மேற்கில் அன்யெரிலிருந்து கிழக்கில் பானாருக்கான் வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்குத் தபால் சாலை போட வைத்தார். வாரக்கணக்கில் ஆன தபால் நாள்கணக்கில் போகத் தொடங்கியது. சாலை போட்டவர்கள் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட கிராமத்து ஆட்கள். பலர் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. பிரமுடியா அனந்த தூர் தன் கடைசிக் காலத்தில் இந்தச் சாலையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். 1867இல் செமாராங்கிலிருந்து தாங்குங்குக்கு ஓடிய முதல் ரயிலும், உள்நாட்டு விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதையின் முதல் துண்டுதான். நம் தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை 1885இல் ஈயத்துக்காகப் போடப்பட்டதைப் போல. இந்த நாடுகளில் தண்டவாளம் முதலில் சரக்குக்கு. மனிதன் அப்புறம் ஏறிக்கொண்டான். இன்றைக்கு ஜகார்த்தாவிலிருந்து பண்டுங் பக்கம் 142 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடக்கும் ‘வூஷ்’ ரயில், 2023லிருந்து ஓடுகிறது. பெயரின் தொடக்கத்தை விரித்தால் ‘வக்து ஹேமாட்’, நேரச் சிக்கனம். நான் பழைய ரயிலில் மூன்று மணி நேரம் போகப் போகிறேன். மலைச் சரிவு, நெல் வயல், உயரமான இரும்புப் பாலங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை அறம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் ஒருவன் மெதுவாக இருக்க வேண்டுமானால் பக்கத்தில் யாரோ வேகமாக இருக்க வேண்டும். நான் பதினோரு மணிவரை திண்ணையில் காப்பியோடு உட்கார்ந்திருக்க, ஒரு பெண் அதற்குள் நாலு அறையைப் பெருக்கி, விரிப்பை அலசிக் காயப்போட்டிருப்பாள். ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் தன் ஆன்டிகுவா தீவைப் பற்றி எழுதிய சிறிய நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருக்கிறார்: எல்லா ஊர்க்காரனுக்கும் ஊரைவிட்டுச் சற்று விலகி ஓய்வெடுக்கும் ஆசை உண்டு, பெரும்பாலானவர்களுக்கு அதற்கு வழியில்லை, அதனால்தான் வந்து போகிறவனைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அவர் சொல்வது வேகமாக வந்து போகிறவனுக்கு மட்டும் பொருந்தாது. எனக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அவன் நான்கு நாள்தான் அவர்கள் கண்ணில் படுகிறான். நான் ஒரு மாதம் படுவேன்.

திட்டம் போட உட்கார்ந்தபோது இதெல்லாம் தத்துவமாக வரவில்லை. டிக்கெட் வடிவில் வந்தது. ஜோக்ஜகார்த்தாவின் லெம்புயாங்கான் நிலையத்திலிருந்து பன்யுவாங்கியின் கெத்தாப்பாங் வரை ‘ஸ்ரீ தஞ்சோங்’ என்றொரு ரயில் ஓடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரப் பயணம். அரசு மானியம் கொடுக்கும் ரயில் என்பதால் டிக்கெட் நம் காசுக்கு முப்பது வெள்ளிகூட இல்லை. மெதுவாகப் போகிறவனுக்குச் சொர்க்கம். ஆனால் அந்த மானியம் யாருக்காக? மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கும், லீவு முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் பையனுக்கும். ரிங்கிட் சம்பளக்காரன் ஜன்னலோரம் உட்கார்ந்து ‘அசல் ஜாவா’வைப் பார்த்துக்கொண்டு போவதற்கு அந்த நாட்டு மக்கள் எதற்கு வரி கட்ட வேண்டும்?

ஒரு நண்பர் சொன்னார்: “டேய், டிக்கெட் விக்கிறான், நீ வாங்குற. இதுல என்ன பாவம் பாக்குற? உன் முப்பது வெள்ளியில அந்த ஊரு முழுகிடுமா லா?” நியாயம்தான். சீட்டு காலியாகப் போவதைவிட நான் உட்கார்ந்து போவது யாருக்கும் கெடுதல் இல்லை. என் கவலை காலியாக இல்லாத நாட்களைப் பற்றியது. நோன்புப் பெருநாளை ஒட்டி ‘மூடிக்’ என்று நகரங்களிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். டிக்கெட் திறந்தவுடன் தீர்ந்துவிடும். வருடம் முழுக்க ஜகார்த்தாவில் கட்டடம் கட்டுகிறவனுக்கும் வீட்டுவேலை செய்கிறவளுக்கும் அந்த ஒரு வாரம்தான் சொந்த அவசரம். அந்த வாரத்தில், எங்கும் போய்ச் சேர வேண்டிய தேவையில்லாத ஒருவன் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எனக்கு உண்மையிலேயே அசிங்கமாகப் படுகிறது. அதனால்தான் பெருநாள் தாண்டி ஜூன். மழையில்லாத காலம் என்று கேட்பவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்; அதுவும் பொய்யில்லை. ஸ்ரீ தஞ்சோங்கில் வேலைநாளில் போவேன். வார இறுதி என்றால் மானியமில்லாத வகுப்பு.

‘தனியாக’ என்ற சொல்லும் அப்படியொன்றும் குற்றமற்றதாகத் தெரியவில்லை. கூட்டமாகப் போகிறவர்கள் தங்கள் பேச்சுத்துணையைத் தாங்களே கட்டிக்கொண்டு போகிறார்கள். தனியாகப் போகிறவன் அதையும் அந்த ஊரிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாருங்கில் சோறு போடும் அம்மாவிடம் நாலு வார்த்தை, படகில் பக்கத்தில் இருப்பவரிடம் அரை மணி நேரம். ஒவ்வொன்றும் அவர்களுடைய நேரம். திரும்பி வந்து ‘என் தனிமையைக் கண்டடைந்தேன்’ என்று எழுதுகிறவர்களின் பயணத்தை எண்ணிப் பார்த்தால், இருபது முப்பது பேர் சேர்ந்து தாங்கிப் பிடித்த தனிமையாக இருக்கும்.

தனிமை எல்லாருக்கும் ஒரே அளவும் இல்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தோழி போன வருடம் இதே பாதையில் பாதிவரை தனியாகப் போனாள். அவளுடைய திட்டத் தாளைக் காட்டினாள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே சூரியன் மறையும் நேரம். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது பெரிதாக மாறாது, ஏறக்குறைய ஆறு மணி. ஆனாலும் எழுதியிருந்தாள். அதற்குள் அறைக்குள் இருக்க வேண்டும். என் தாளில் அப்படியொரு பத்தி வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. ‘வழி தவறுவதுதான் பயணத்தின் அழகு’ என்று எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆண்களாகத்தான் இருப்பார்கள் என்று அவளிடம் சொன்னேன். “இதைக் கண்டுபிடிக்க உனக்கு இவ்வளவு நாள் ஆச்சா?” என்றாள்.

இனி லொம்போக். உண்மையில் இந்தப் பயணம் முழுவதும் அந்தத் தீவை நோக்கித்தான் போகிறது.

எங்கள் பழைய தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. நாங்களும் போய்விட்டோம். பால்வெட்டிய சனங்கள் இருந்த லயங்களில் இப்போது லொம்போக்கிலிருந்து வந்த ஆண்கள் இருக்கிறார்கள். மலேசியத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் கிழக்கு லொம்போக் பேர்போனது. கணவன் மலேசியாவுக்குப் போய் வருடக்கணக்கில் திரும்பாத பெண்களைக் குறிக்க அங்கே ஒரு சொல்லே இருக்கிறது: ‘ஜமால்’. ‘ஜண்டா மலேசியா’ என்பதன் சுருக்கம். மலேசியா விதவை. நம் நாட்டின் பேர் அங்கே இப்படியொரு சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. 1969க்குப் பிறகு பெர்மிட் இல்லையென்று தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய ஆயிரக்கணக்கான தமிழர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பெர்மிட் என்ற சொல் இன்றைக்கும் அதே லயத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லிப் பயப்படுகிறவர்கள் மாறியிருக்கிறார்கள்.

அதனால் லொம்போக்குக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். நம்மை அடுத்து நம் லயத்தில் படுப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க. நல்ல நோக்கம் மாதிரித்தான் இருந்தது.

பழைய தோட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போகும்போது பாசாரில் பேசிப் பழகிய ஒருவர், சாசாக் இனத்தவர், கிழக்கு லொம்போக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை ‘பாங்’ என்பார். பயணத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார், முகவரி கொடுப்பார், வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவார் என்று நினைத்தேன். “பெராப்பா ஹாரி?” எத்தனை நாள் என்று கேட்டார். ஒன்பது, பத்து நாள் இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கம்போங் சாயா ஜாங்கான் பெர்கி, பாங்” என்றார். என் ஊருக்குப் போக வேண்டாம். காரணத்தையும் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். அவர் எந்தத் தோட்டம், எந்த ஊர் என்பதையும்.

இரண்டு நாள் வந்து கடற்கரையைப் பார்த்துவிட்டுப் போகிறவனைப் பற்றி அவருக்குக் கவலையே இருந்திருக்காது. என் ஒன்பது நாள்தான் அவரைப் பயமுறுத்தியது. மெதுவாகப் போகிறவன் பார்ப்பான், கேட்பான், கூடவே தான் பார்த்ததை அங்கே சொல்லவும் செய்வான். தோட்டத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் இல்லாதது என் கண்ணில் இருக்கிறது. நான் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், வாயே திறக்காவிட்டாலும், அதையும் கொண்டுபோய் வைத்தவன் ஆவேன்.

அவர் ஊருக்குப் போக மாட்டேன். அதில் எனக்கு யோசனையே இல்லை. ஒருவரைப் பற்றிய செய்தியை அவர் வீட்டுக்கு எப்போது, எந்த வடிவில் கொண்டுபோவது என்பது அவர் உரிமை. உண்மைதானே சொல்கிறேன் என்பது அங்கே ஒரு சமாதானமே இல்லை.

யோசனை வேறிடத்தில் இருந்தது. கிழக்கு லொம்போக்கில் வேறொரு ஊர், அவரை யாருக்கும் தெரியாத ஊர். அங்கே பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், ஏஜென்டிடம் கையெழுத்துப் போடப் போகிறவன், என்னிடம் வந்து கேட்கிறான்: மலேசியாவில் தோட்ட வேலை எப்படி, பாங்? நன்றாக இருக்கும் என்று சிரித்துவிட்டு வந்தால் நான் யார்? கஷ்டம், வராதே என்று சொன்னால், அவன் வீட்டுக் கடனை நான் அடைக்கப் போகிறேனா? போகாமல் இருக்கும் வசதி உள்ளவன் போகிறவனுக்குச் சொல்லும் புத்திமதி எவ்வளவு மலிவு என்பது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களையும் யாராவது நாகப்பட்டினத்தில் தடுத்துப் பார்த்திருப்பார்கள்.

போகாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தெரிந்ததைச் சொல்லத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். செம்பனைக் குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், அதை நாள் முழுக்க வெட்டித் தூக்க வேண்டும். வேலை கொடுப்பவர் உன் கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது இங்கே நடக்கிறது. ஆனால் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். ஒப்பந்தத்தை உனக்குப் புரிந்த மொழியில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. ஒரு பிரதியைத் தங்கச்சியின் கைபேசியில் வைத்துவிட்டு வா. இவ்வளவுதான். எந்தத் தனி மனிதனின் கதையும் இதில் வேண்டாம்.

இதை அவன் என்னிடம் கேட்க வேண்டுமானால் நான் அங்கே இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், விருந்தாளி என்று தேநீர் தருவார்கள். நாலாம் நாள் தொடங்கும்: மலேசியாவில் எங்கே, என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, தமிழனா, இந்துவா, ஏன் கல்யாணம் ஆகவில்லை. ஏழாம் நாள் நான் கேட்ட கேள்விகளைவிட என்னிடம் கேட்ட கேள்விகள் கூடியிருக்கும். மெதுவாகப் போவதில் நியாயம் என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வேகமாகப் போகிறவனிடம் யாரும் பதில் கேட்க முடியாது, அவன் அடுத்த ஊரில் இருப்பான். தங்கியிருப்பவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்கலாம். அவன் உளறினால் மறுநாள் காலையில் அதே கடையில் முகம் பார்க்க வேண்டும்.

திட்டம் இப்போது மாறியிருக்கிறது. ஜோக்ஜகார்த்தாவில் போட்ட ஆறு நாளை மூன்றாகக் குறைத்தேன். பாலியில் இரண்டு இரவு போதும். கெத்தாப்பாங்கில் படகேறி ஒரு மணி நேரத்துக்குள் பாலியில் கால் வைக்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும். ஜாவா நமக்கு ஒரு மணி நேரம் பின்னே. பாலியும் லொம்போக்கும் நம் நேரம். தோட்டத்துப் பெரட்டுக் கடிகாரமும் கிழக்கு லொம்போக்கின் அடுப்படிக் கடிகாரமும் ஒன்றையே காட்டும். விடிவது மட்டும் அங்கே ஒரு மணி நேரம் முன்னால். இங்கே அவர் இருட்டில் பெரட்டுக்கு நடக்கும்போது அவர் வீட்டு முற்றத்தில் வெளிச்சம் வந்திருக்கும்.

பாலியின் பாடாங்பாயிலிருந்து லெம்பாருக்கு நான்கைந்து மணி நேரப் படகு. அதன் பிறகு ஒன்பது நாள், தாளில் ஒன்றும் எழுதவில்லை. தங்க ஓர் ஊரைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு வீட்டில் அறை தருகிறார்கள். இரண்டு இரவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். ஒன்பதுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடலாம்தான், அவர்களும் மகிழ்வார்கள். ஆனால் மூன்றாம் நாள் காலையில், என்னைக் கொஞ்சம் பார்த்த பிறகு, இன்னும் இருக்கலாமா என்று அவர்களிடம் கேட்க விரும்புகிறேன். வேண்டாம் என்றால் மாத்தாராமுக்கு வண்டி இருக்கிறது.